உப்பு போகாது

அரியர் பணம் வந்த அன்று
நோட்டில் முதலில் எழுதியது மீன் இல்லை.
தொட்டி, நான்கடி, பன்னிரண்டு எம்எம் கண்ணாடி.
அதன் கீழே ஸ்கிம்மர். அதன் கீழே
அலை மோட்டார் இரண்டு.
ஹீட்டர் என்று எழுதி அடித்தேன்:
தர்மபுரியில், சித்திரையில், யாருக்கு ஹீட்டர்?
பிறகு மார்கழி நினைவுக்கு வந்து
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

கீழ்வீட்டு ஓனர் மாதப்பன்
அளவு டேப்போடு மாடி ஏறி வந்தார்.
தண்ணீர், கல், மணல், ஸ்டாண்டு
எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது கிலோ என்றேன்.
"அப்ப ஆறு பேரு
ராப்பகலா ஒரே எடத்துல நிக்கறாப்பல."
காலால் தரையைத் தட்டிப் பார்த்து
பீம் ஓடும் வழியில் சாக்பீஸ் கோடு போட்டார்.
சோபா நகர்ந்தது. டிவி நகர்ந்தது.
நாங்கள் சாப்பிடும் இடம் சமையலறைக்குள் போனது.

சில்லர் விலை கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.
அந்தப் பணத்துக்கு பென்னாகரம் ரோட்டில்
பழைய ஸ்கூட்டரே கிடைக்கும்.
சேலத்துக் கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டார்:
"கிளிப் ஃபேன் ரெண்டு மாட்டுங்க, சூடு எறங்கும்.
ஆனா தண்ணி கொறையும், தெனமும் ஊத்தணும்.
நல்ல தண்ணி மேடம், உப்புத் தண்ணி இல்ல.
போறது தண்ணி மட்டும்தான். உப்பு போகாது."

எனக்கா தெரியாது?
பதினோரு வருஷமாகத் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை.
காரிமங்கலம், நல்லம்பள்ளி, பாப்பாரப்பட்டி,
பாட்டில் பாட்டிலாக போர்த்தண்ணீர் வரும்.
கொதிக்க வைத்தால் சரியாகுமா என்பார்கள்.
ஆகாது.
தண்ணீர்தான் ஆவியாகும்.
ஃபுளோரைடு அங்கேயே உட்கார்ந்திருக்கும்,
முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாக.

ஆகவே பட்டியலில் ஆர்.ஓ. ஏறியது.
கடைசிக் குடுவையைத் தாண்டி வரும் தண்ணீரில்
மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும்.
காட்டியது.
வேடியப்பன் மீட்டரை வாங்கி
எங்கள் குடத்தில் விட்டுப் பார்த்தார். முந்நூற்றுப் பத்து.
ஒகேனக்கல் தண்ணீர், குடிக்கலாம், பழுதில்லை.
"சின்னப் புள்ளையில நீ குடிச்சது எவ்வளவு இருக்கும்?"
அப்போது யாரும் அளக்கவில்லை.
ரீடிங் என் வாயிலேயே இருக்கிறது,
முன்பற்களின் குறுக்கே
டீக்கறை நிறத்தில் நாலு கோடு.

ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீரின் குழாயை
மாதப்பன் தன் மருதாணிச் செடிக்கு இழுத்துக்கொண்டார்.
ஆறு பேர் நிற்பதற்கு வாடகையாம்.

உப்பு வாளி பஸ் பார்சலில் வந்தது, இருபது கிலோ.
இறக்கிவைத்தவர் லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"உப்பா? இத்தாம் பெரிய ஊருல உப்பு இல்லியா?" என்றார்.
கரைத்து, ஒரு நாள் சுழலவிட்டு,
ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தேன்.
உள்ளே மேலே நீலம். கீழே வெள்ளை.
இரண்டும் தொடும் இடத்தில் நேர்க்கோடு.
இந்த ஊரில் அப்படியொரு கோடு வேறெங்கும் கிடையாது;
எந்தப் பக்கம் திரும்பினாலும்
ஒரு குன்று வந்து நடுவில் நிற்கும்.
வேடியப்பனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவர் எண்ணைப் படிக்காமல்
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரமாகிறது. மீன் இல்லை.
அமோனியா இன்னும் இறங்கவில்லை.
வருகிறவர்கள் தண்ணீரையும் கல்லையும் பார்த்துவிட்டு
மரியாதைக்கு லைட்டைப் பாராட்டுகிறார்கள்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
பேட்டரி பம்ப் தானாகக் குமிழ் விட ஆரம்பித்தது,
பட்டியலிலேயே விலை குறைந்த சாமான்.
அது ஓடுகிறதா என்று டார்ச் அடித்தேன்.
ஓசூர் ரெஜினால்ட் தன் தொட்டியிலிருந்து
விதைக்கென்று கொடுத்த கைப்பிடிக் கல்லின் துளையில்
நூல் மாதிரி ஒரு கை,
பிறகு இன்னொன்று,
வெளியே வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்தேன்.
எந்தப் பெயரில் எழுதுவது, என்ன விலை போடுவது
என்று தெரியாமல்
மணியை மட்டும் குறித்தேன். 11.40.